சுவீடனுக்கு ஆள் தேவை

கத்திரி வெயிலில் செஞ்சியில் உட்கார்ந்துகொண்டு பனித்தரையின் தரத்தைப் பற்றிக் கவலைப்பட்ட மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவரை நாங்கள் கம்ப்ரசர் என்று கூப்பிட்டோம். மற்றவர்கள் ஐஸ் கட்டியை மோரில் போட்டுக் குடித்துவிட்டு அதை மறந்துவிடுவார்கள். கம்ப்ரசர் அப்படியில்லை. ஐரோப்பாவில் ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஓர் அரங்கத்தில் தரை சற்று இளகிவிட்டது என்பதற்காக, பஜார் நடுவே தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பார். கோட்டைப் பாறைகள் பகலெல்லாம் வாங்கிய சூட்டை ஊருக்குள் திருப்பிவிட்டுக்கொண்டிருக்கும். அவருக்கு அது உறைக்காது. "அங்க ஐஸு சரியில்லம்மா," என்பார்.

தொழில், பிரிட்ஜ் மற்றும் ஏசி பழுதுபார்ப்பது. அவருடைய நிஜப் பெயர் கடைப் பலகையில் இருந்தது. வெயில் அதைத் தின்றுவிட்டது. பழுதான கம்ப்ரசர்கள் கடைக்கு வெளியே நடைபாதையில் குவிந்து கிடக்கும். பஸ் ஸ்டாண்டிலிருந்து வழி கேட்டு வருகிறவர்களுக்கு அதுதான் அடையாளம். பெயரும் அதுவே ஆகிவிட்டது.

டிப்ளமோ முடித்துவிட்டு, அவர் கடைக்கு எதிர்வரிசையில் இருந்த ஒரு கேபிள் இன்டர்நெட் அலுவலகத்தில் நான் டெக்னீஷியனாகச் சேர்ந்திருந்தேன். சேர்ந்த வாரமே அவரிடமிருந்து புகார் வந்தது. நெட் வேலை செய்யவில்லை. போய்ப் பார்த்தேன். கேபிள் சரி, மோடம் சரி, வேகம் சரி.

"எல்லாம் நல்லாத்தானே இருக்குது அண்ணே?"

"இன்னாம்மா நல்லா இருக்குது? பக்கு தெரியல பாரு."

டிவியைக் காட்டினார். வெள்ளைத் தரையில், மெத்தையை உடம்பில் கட்டிக்கொண்டவர்கள் போலச் சிலர், கையில் வளைந்த கழியோடு வழுக்கிக்கொண்டு போய் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டிருந்தார்கள்.

"எதுக்கு அண்ணே இவங்க அடிச்சிக்கிறாங்க?"

"அடிச்சிக்கல. ஆடறாங்க. ஐஸ் ஹாக்கி. அதோ போவுது பாரு கறுப்பா, கருகிப்போன அதிரசம் மாதிரி. அதான் பக்கு. செவுத்தோரம் போனா மறைஞ்சிடுது. உன் நெட்டுல எங்கியோ அடைப்பு."

நெட்டில் அடைப்பு என்று ஒன்று கிடையாது, விளையாட்டே அவ்வளவு வேகம் என்று விளக்கினேன். வாழ்நாளெல்லாம் காஸ் குழாயில் அடைப்பு எடுத்தவருக்கு அது ஏறவில்லை. கடைசியில் ரௌட்டரைக் கழற்றி, தலைகீழாகப் பிடித்து இரண்டு தட்டுத் தட்டி மாட்டினேன்.

"இப்ப தேவல," என்றார்.

வளைகுடா நாடு ஒன்றில் பெரிய வணிக வளாகம். அதற்குள் ஒரு பனிச்சறுக்குத் தரை. அதைக் குளிர வைக்கும் இயந்திர அறையில் கம்ப்ரசர் பல வருடம் வேலை பார்த்திருக்கிறார். போன புதிதில் ஒரு நாள் குளிரைத் தப்பாக வைத்துவிட்டார். தரை இளகி, பயிற்சிக்கு வந்த ஒரு பின்லாந்துக்காரர் விழுந்து, உருண்டு, ஓரப் பலகையில் போய் மோதினார். வேலை போயிற்று என்று கம்ப்ரசர் கைகட்டி நின்றாராம். அந்த மனிதர் எழுந்து, இவர் முகத்தைப் பார்த்து, பையிலிருந்து ரொட்டியை எடுத்து, பாதியைப் பிட்டுக் கொடுத்துவிட்டு, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டார். அன்றிலிருந்து கம்ப்ரசர் பின்லாந்துக் கட்சி. உலகப்படத்தில் பின்லாந்து எந்தப் பக்கம் என்று கேட்டால் கையை மேலே தூக்கி, "மேல, ரொம்ப மேல," என்பார். அதற்குமேல் அவருக்குத் தெரியாது, தேவையும் இல்லை.

அதே இயந்திர அறையில் ஒரு திருச்சூர்க்காரரும் இருந்தார். அவர் சுவீடன் கட்சி. இரண்டு நாடுகளும் பரம்பரைப் போட்டியாளர்கள் என்பதால், இந்த இரண்டு பேரும் அவர்கள் சார்பில், அந்தப் பாலைவனத்தில், ஆளுக்கொரு பெஞ்சில் எதிரெதிரே உட்கார்ந்து கத்திக்கொண்டு ஆட்டம் பார்ப்பார்கள். ஆட்டம் முடிந்ததும் ஒரே பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிடுவார்கள். தன் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போய்க் கம்ப்ரசர் ஊருக்குத் திரும்பினார். கடை வைத்தார், நல்ல பெயர் வாங்கினார். மண்டகப்பட்டிலிருந்தெல்லாம் ஏசிக்கு ஆள் வந்து கூப்பிட்டார்கள். ஒரு குறைதான்.

"தனியா ஜெயிச்சா இன்னா, தனியா தோத்தா இன்னாம்மா? எதிர்ல ஒருத்தன் உக்காந்து வவுறு எரியணும். அப்பதான் அது மேட்ச்சு. அந்த மாதிரி ஒரு பின்லாந்து - சுவீடன் மேட்ச்ச நான் பாத்து எவ்ளோ நாளாச்சு."

அவருடைய ஆசை அவ்வளவுதான். எதிரே ஓர் ஆள்.

ஆள் தேடும் கதைக்கு முன், அவரால் ஊர் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். இந்த ஐஸ் ஹாக்கி உலகப் போட்டி வருவது மே மாதத்தில். செஞ்சியில் பிரிட்ஜுகள் நிற்பதும் மே மாதத்தில்தான். பின்லாந்து ஆடும் மாலைகளில் கம்ப்ரசர் ஸ்க்ரூ டிரைவரைத் தொட மாட்டார். ஜெயித்தால் மறுநாள் காலையில் கூப்பிடாமலே வந்து நிற்பார். தோற்றால் இரண்டு நாள் துக்கம். இது தெரிந்த பெண்கள் போனில் முதலில் பிரிட்ஜைப் பற்றிப் பேச மாட்டார்கள். "அண்ணே, நேத்து நம்மாளுங்க எப்படி?" என்று ஆரம்பிப்பார்கள். இட்லி மாவு பாக்கெட் போட்டு விற்கும் மாவுக்கார அக்காவுக்குப் பிரிட்ஜ் நின்றால் வியாபாரம் புளித்துவிடும். அதனால் அவர் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகும்போது பின்லாந்துக்கும் சேர்த்து ஒரு சூடம் ஏற்றிவிட்டு வருவார். "அம்மனுக்கு அந்த ஊர் தெரியுமாக்கா?" என்று கேட்டேன். "நமக்கே தெரிஞ்சிருக்குது, அம்மனுக்குத் தெரியாதா?" என்றார்.

இன்னொன்று, தண்டனை ஸ்டூல். ஐஸ் ஹாக்கியில் தப்பு செய்கிற ஆட்டக்காரனைத் தரையை விட்டு வெளியேற்றி, ஒரு கூண்டுக்குள் இரண்டு நிமிடம் உட்கார வைப்பார்கள். கம்ப்ரசருக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்திருந்தது. கடை ஓரத்தில் ஒரு கால் ஆடும் ஸ்டூலைப் போட்டார். பிரிட்ஜ் பெட்டியில் உறைந்த பனியை எடுக்க அவசரப்பட்டுக் கத்தியால் குத்தி, குழாயை ஓட்டை போட்டுக் காஸைப் போக்கிவிடுவது இந்த ஊரில் எல்லா வீட்டிலும் நடக்கிற தப்பு. அதைச் செய்தவர் யாராக இருந்தாலும் இரண்டு நிமிடம் அந்த ஸ்டூலில் உட்கார வேண்டும். அதற்கப்புறம்தான் பிரிட்ஜைத் திறப்பார். ஒரு தடவை தாலுகா ஆபீஸ் அதிகாரி ஒருவர் பேசாமல் உட்கார்ந்திருந்ததை நானே பார்த்தேன். மாவுக்கார அக்கா இரண்டாவது முறை குத்திவிட்டு வந்தபோது ஐந்து நிமிடம் கொடுத்தார்.

"ஐஸு தானா கரையும்னு உனுக்குத் தெரியாதா?"

"மாவு அவசரம்ணே."

"ஐஸுக்கு அவசரம் தெரியாது. உக்காரு."

சரி, எதிரே உட்கார ஆள். முதலில் டெய்லரைப் பிடித்தார். அவர் நல்ல மனிதர். பின்லாந்து கோல் போட்டாலும் கைதட்டினார், சுவீடன் போட்டாலும் கைதட்டினார். டீக்கடைக்காரரைப் பிடித்தார். "நீ சொன்னா சரிதான்பா," என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பூக்கடையில் ஒருவர், ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "ஜமுக்காளம் விரிச்சா இவ்ளோ வழுக்காதே," என்று யோசனை சொன்னார். கம்ப்ரசர் என்னையும் கேட்டார். நான் ஆட்டத்தைப் பார்க்க மாட்டேன், சிக்னலைத்தான் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டேன்.

"இந்த ஊர்ல எல்லாரும் இவ்ளோ நல்லவங்களா இருந்தா நான் எங்கம்மா போவேன்?" என்று நொந்துகொண்டார்.

கடைசியில் அவருக்குத் தேவையான ஆள் பக்கத்துக் கடையிலேயே இருந்தார். பாத்திரக்கடைக்காரர். நடைபாதையில் கிடக்கும் பழைய கம்ப்ரசர்களால் தன் குடங்கள் வெளியே தெரியவில்லை என்று தினமும் காலையில் கடை திறந்ததும் ஒரு முறை, சாத்தும் முன் ஒரு முறை சண்டை போடுவார். இடையில் வியாபாரம் மந்தமாக இருந்தால் இன்னொரு முறை. சண்டை என்றால் வியர்க்க விறுவிறுக்க இல்லை. தராசில் நிறுத்த மாதிரி நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துப் போடுவார். இத்தனை திறமை வீணாகிறதே என்று கம்ப்ரசருக்கு ஒரு நாள் தோன்றிவிட்டது.

"பாய்லர் அடுக்கறத வுட்டுட்டு இப்டி வா. நீ சுவீடன்."

"அதுல எனக்கு இன்னா லாபம்?"

"என்ன வாய்க்கு வந்தபடி திட்டலாம். நான் கோச்சிக்க மாட்டேன்."

"அத நான் இப்பவே பண்றனே." பாத்திரக்கடைக்காரர் சற்று யோசித்தார். "சுவீடன்ல இன்னா கெடைக்குது?"

"ஸ்டீலு. ஒலகத்துலயே நல்ல ஸ்டீலு அவன்துதான்."

எவர்சில்வர் விற்றே மூன்று பெண்களுக்குக் கல்யாணம் செய்தவர் அவர். வேறு எதையும் கேட்கவில்லை. சேர்ந்துவிட்டார்.

அப்புறம் பயிற்சி நடந்தது. எதிரிக்குத் தன்னையே திட்டச் சொல்லிக்கொடுத்த ஒரே ஆசிரியர் கம்ப்ரசராகத்தான் இருப்பார். "எங்க கோலி, அதான் கோலு காக்கறவன், கால விரிச்சி நிக்கிறான் பாரு, அப்ப இன்னா சொல்லணும்?" "இன்னா சொல்லணும்?" "'கோலி நிக்கிறானா, கொட்டாவி வுட்றானா'ன்னு கேளு. எனக்குச் சுர்ருனு ஏறும்." சீடர் ஒரே மாதத்தில் குருவைத் தாண்டிவிட்டார். சுவீடன் கொடி நீலமும் மஞ்சளும் என்று தெரிந்ததும் கடை வாசலில் நீல பக்கெட், மஞ்சள் பக்கெட் என்று மாற்றி மாற்றி ஆளுயரத்துக்கு அடுக்கினார். கம்ப்ரசர் விடவில்லை. பின்லாந்துக் கொடி வெள்ளையும் நீலமும் என்பதால், வெள்ளை பிரிட்ஜுகளை வரிசையாக வாசலில் நிறுத்தி, நீலத் தார்ப்பாய் போர்த்திவிட்டார். வெளியூர் ஆட்கள் இரண்டு கடைக்கும் நடுவில் நின்று, ஏதோ கட்சி மாநாடு என்று நினைத்தார்கள்.

அந்த மே மாதம் முதல் சுற்றிலேயே இரண்டு அணிகளும் மோதின. மதியம் எடுத்த ஒரு வீட்டு ஏசி வேலை இழுத்துவிட்டதால் கம்ப்ரசரால் நேரத்துக்குக் கடைக்கு வந்து சேர முடியவில்லை. பாத்திரக்கடைக்காரருக்கும் கல்யாண ஆர்டர். ஆளுக்கொரு இடத்தில், போனில் பார்த்தார்கள். பின்லாந்து படுமோசமாகத் தோற்றது. மறுநாள் கம்ப்ரசர் கடையில் ஷட்டர் பாதிதான் திறந்திருந்தது. பாத்திரக்கடைக்காரர் இரவெல்லாம் யோசித்து வைத்த வசனங்களோடு சட்டை மடிப்புக் கலையாமல் வந்தார். ஷட்டருக்குக் கீழே குனிந்து பார்த்தார். உள்ளே, கழற்றிப் போட்ட பிரிட்ஜ் கதவின் மேல், முகத்தை இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு கம்ப்ரசர் உட்கார்ந்திருந்தார். பாத்திரக்கடைக்காரர் நிமிர்ந்து, தன் கடைக்குப் போய், துடைத்த குடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார். நான் எதிரே கம்பத்தில் ஏணி சாத்தி முதல் படியில் நின்றிருந்ததால் எல்லாம் பார்த்தேன். அப்போது அது எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

அரையிறுதியில் மறுபடி அதே இரண்டு அணிகள் என்று செய்தி வந்ததும் கம்ப்ரசர் ஆளே மாறிவிட்டார். தோற்கிறவன் வெளியே. நம் நேரத்துக்கு மாலையில் ஆட்டம். என்னிடம் வந்து ஒரு பட்டியல் ஒப்பித்தார். புது கேபிள் இழுக்கணும். ஒண்ணு அறுந்தா இன்னொண்ணு இருக்கணும். கரண்ட் போனா இன்வெர்ட்டர். இன்வெர்ட்டரும் போனா? "போனா ஒண்ணும் பண்ண முடியாது அண்ணே," என்றேன். "அப்டிச் சொல்லாதம்மா, டென்ஷனா இருக்குது," என்றார். நான் இரண்டு பக்கத்திலிருந்தும் இணைப்புக் கொடுத்தேன். மோடத்துக்கு ஒரு தனி ஃபேன் வைத்தேன்.

ஏற்பாடுகள் அவர் பாணியில் நடந்தன. கடைக்குள்ளே சுவரில் பெரிய டிவி. இடது பக்கம் பின்லாந்து பெஞ்சு, வலது பக்கம் சுவீடன் பெஞ்சு. நடுவில் சாக்பீஸ் கோடு. தாண்டினால் ஸ்டூல். வெக்கையைச் சமாளிக்க, ரிப்பேர் முடிந்த பிரிட்ஜுகளை பின்லாந்து பெஞ்சைப் பார்த்து நிறுத்தி, கதவுகளைத் திறந்து வைத்தார். திறந்த பிரிட்ஜ் முன்பக்கம் எவ்வளவு குளிர் தருகிறதோ அதற்குமேல் பின்பக்கம் சூட்டைக் கக்கும். அவருக்குத் தெரியாததா? பின்பக்கம் எல்லாம் சுவீடன் பெஞ்சைப் பார்த்து இருந்தது.

"இது அநியாயம் அண்ணே."

"சொந்த மைதானம்னா அப்டித்தாம்மா."

சாயங்காலம் கூட்டம் சேர்ந்தது. அனந்தபுரத்திலிருந்து வாடிக்கையாளர் குடும்பம் ஒன்று பஸ் பிடித்து வந்தது. பெண்கள் எல்லோரும் சந்தேகமில்லாமல் பின்லாந்து. மாவுக்கார அக்கா முதல் வரிசை. உட்கார்ந்த பிறகு எதிரே திறந்திருந்த பிரிட்ஜை உற்றுப் பார்த்தார்.

"அண்ணே, அது என்னுதுதானே? ரெடியாவலன்னு சொன்னீங்க?"

"ரெடிதான். டெஸ்டிங்ல இருக்குது."

ஆட்டம் தொடங்கப் போகிறது. சுவீடன் பெஞ்சு காலி. கம்ப்ரசர் வாசலுக்கும் டிவிக்கும் நடந்துகொண்டிருந்தார். பாத்திரக்கடைக்காரர் வந்தார். குளித்து, விபூதி வைத்து, மனைவியோடு வந்தார். நேராக நடந்து, கோட்டைத் தாண்டாமல் இடது பக்கம் திரும்பி, பின்லாந்து பெஞ்சில், குளிர் வருகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தார்.

"உன் பெஞ்சு அந்தாண்ட," என்றார் கம்ப்ரசர்.

"தெரியும். நான் இனிமே உன் பக்கம்தான்."

"இன்னாது?"

"அன்னிக்கு நீ மொகத்த மூடிக்கினு உக்காந்துனு இருந்த பாரு. பாத்துட்டேன். மனசு கேக்கல. சுவீடன் ஜெயிச்சி எனக்கு இன்னா ஆவப்போவுது? நீ ஜெயி."

கம்ப்ரசரின் முகம் போன போக்கை என்னால் எழுத முடியாது. எத்தனை வருடமாகத் தேடி, பொறுக்கி, வார்த்தை சொல்லிக்கொடுத்து வளர்த்த எதிரி.

"யோவ், உன்கிட்ட யாருய்யா மனசு கேட்டா? எழுந்து போ."

"மாட்டேன்."

"பக்கெட்டெல்லாம் அடுக்குனியே, நாளைக்கு மொகத்த எங்க வெச்சிக்குவ?"

"பக்கெட்டு வித்துப் போச்சு."

"பிரிட்ஜெல்லாம் திருப்பி வெக்கிறேன். குளுரு உனுக்கே வரட்டும். போய் உக்காரு."

"நீ இன்னா சொன்னாலும் சரி. எனக்கு நீ அழக்கூடாது, அவ்ளோதான்," என்றார் பாத்திரக்கடைக்காரர். காலையும் மாலையும் சண்டை போட்ட அதே நிதானத்தில் சொன்னார். அவரை நகர்த்த முடியாது என்று எல்லோருக்கும் தெரியும்.

திரையில் ஆட்டக்காரர்கள் வந்துவிட்டார்கள். கம்ப்ரசர் எங்கள் எல்லோரையும் பார்த்தார். ஊரே ஒரு பெஞ்சில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எதிர்ப்பெஞ்சில் ஈ, காக்காய்கூட இல்லை. தன் தோளில் கிடந்த நீலத் துண்டை எடுத்தார். மடித்தார். மாவுக்கார அக்கா மடியில் வைத்தார். கோட்டைத் தாண்டினார். ஆறு பிரிட்ஜுகளின் சூடு நேராக முகத்தில் அடிக்கிற அந்தப் பெஞ்சில், தனியாக உட்கார்ந்தார்.

"அண்ணே, இன்னா பண்றீங்க?" என்றார் அக்கா.

"யாராவது ஒருத்தன் உக்காரணும் இல்ல?" என்றார் கம்ப்ரசர். பின்லாந்து பெஞ்சைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார். "உங்க கோலி நிக்கிறானா, கொட்டாவி வுட்றானா?"

அதற்குப் பிறகு நடந்ததுபோல் ஒரு சண்டையை செஞ்சிக் கோட்டை பார்த்திருக்காது. பின்லாந்தின் ஒவ்வொரு ஓட்டையும் அவருக்குத் தெரியும். எவன் இடப்பக்கம் திரும்பத் தடுமாறுவான், எவன் கோபத்தில் கழியை ஓங்கித் தண்டனை வாங்குவான், எல்லாவற்றையும் எடுத்து வீசினார். அவர் சொன்னது சொன்னபடி நடந்தது. பாத்திரக்கடைக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. கற்றுக்கொண்ட வித்தையை எல்லாம் நாட்டின் பெயரை மட்டும் மாற்றிப் போட்டு அவர்மேலேயே இறக்கினார். அக்கா துண்டைச் சுழற்றிக்கொண்டு சேர்ந்துகொண்டார். கம்ப்ரசர் வியர்வையில் நனைந்து, ஒற்றை ஆளாய், ஒரு பெஞ்சுக்கே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மோடத்தின் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்வேன். உண்மையில் அவரைத்தான் பார்த்தேன். அவ்வளவு சந்தோஷமான முகத்தை அதற்கு முன் அந்தக் கடையில் பார்த்ததில்லை.

மூன்று பகுதி முடிந்தும் சமம். கூடுதல் நேரம். யார் போட்டாலும் முடிந்தது. பின்லாந்து போட்டது. பக்கு உள்ளே போனது யாருக்கும் தெரியவில்லை, கோலி விழுந்தது மட்டும் தெரிந்தது. பெஞ்சு கவிழ்ந்தது. பாத்திரக்கடைக்காரர் மனைவி அக்காவைக் கட்டிக்கொண்டார். கம்ப்ரசர் எழவில்லை. உதட்டைக் கடித்து, தலையைத் தொங்கப்போட்டு, தோற்றவன் எப்படி உட்கார வேண்டுமோ அப்படி உட்கார்ந்திருந்தார். வருகிறவர் போகிறவர் எல்லாம் கேலி செய்தார்கள். ஒவ்வொன்றையும் தலைகுனிந்து வாங்கிக்கொண்டார். உள்ளங்கால் மட்டும் தரையில் நிற்கவில்லை, தாளம் போட்டுக்கொண்டே இருந்தது.

"அண்ணே, ஜெயிச்சாச்சு. நாளைக்குக் காலையில என் பிரிட்ஜு?" என்றார் அக்கா.

"நான் தோத்துட்டனேம்மா. ரெண்டு நாள் ஆவும்."

அந்த வருடக் கடைசியில் எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. போன வாரம் கம்ப்ரசர் போன் செய்தார். மறுபடி மே மாதம், மறுபடி அந்த இரண்டு அணிகள். பாத்திரக்கடைக்காரர் பின்லாந்தில் வேரூன்றிவிட்டாராம். வாசலில் வெள்ளையும் நீலமுமாகப் பக்கெட்டுகளாம். "மறுபடியும் நான்தான் அந்தாண்ட உக்காரணும்போல. பரவால்ல, பழகிடுச்சு," என்றார். குரல் பழகியதுபோல் இல்லை.

"நீங்க உங்க பக்கமே உக்காருங்க அண்ணே. சுவீடனை நான் பாத்துக்கறேன்."

"உனுக்கு ஆட்டமே புரியாதேம்மா."

"திட்டத்தானே அண்ணே வேணும்? சொல்லிக்கொடுங்க."

கம்ப்ரசர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எங்க கோலியில இருந்து ஆரம்பிக்கலாம்," என்றார்.

இன்று காலை மேலாளரிடம் லீவு கேட்டேன். "ஊர்ல விசேஷமா? சொந்தக்காரங்க வீட்லயா?" என்றார்.

"ஆமா சார்," என்றேன்.